நேரே பார்க்க வேண்டிய பெட்டி

மே மாதத்து முதல் சனிக்கிழமை, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் புஸ்பராணியின் சமையலறை யன்னலுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் வந்து நின்றது. இருபத்துநாலு அடி நீளம். அவளுடைய கணவர் கனகசிங்கம் வாங்கிய ட்ரெயிலர் அது. கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் உள்ளே வைத்து, றக் வண்டிக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற வீடு. விற்ற வெள்ளைக்காரக் கிழவரே தன்னுடைய றக்கில் இழுத்துவந்து, முற்றத்துக் கொங்கிறீற்றில் அளவாக நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து பகலிலும் லைற் போட்டுத்தான் அவள் மரக்கறி வெட்டினாள்.

கனகசிங்கம் முப்பத்தொரு வருடம் ரக்சி ஓடியவர். பங்குனி மாதத்தோடு ரக்சியை விட்டார். விட்டு இரண்டு கிழமைக்குள் பழைய பிக்கப் றக் ஒன்று வாங்கினார்; அதற்குப் பின்னால் இது வந்தது. ஆனி மாதம் வெளிக்கிட்டு, கிழக்குக் கரையில் ஹலிபக்ஸ் வரைக்கும் போய், புரட்டாதி முடியத் திரும்பி வருவதென்று திட்டம். அந்தத் திட்டம் ஒட்டாவாவில் இருந்த மகள் சஜிதாவுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ரக்சிக் கூட்டாளிகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புஸ்பராணிக்குக் கடைசியாகத்தான் தெரியவந்தது.

"வேலைய விடு புள்ள," என்றார். "எத்தினை வருசத்துக்குப் பாணுக்குப் பை போடுவாய்."

பத்தொன்பது வருடம் போட்டிருந்தாள். மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியில் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இருபத்தாறு வயதில் ரொறன்ரோ வந்து, பார்க்டேலில் ஒரு அறைக்குள் பிள்ளை வளர்த்து, பிறகு இந்தப் பக்கம் வந்து, பாண் சுட்டுத் துண்டு போடுகிற ஒரு பக்டரியில் சேர்ந்தாள். ஓடுகிற பட்டியில் வருகிற பைகளில் வாய் சரியாக ஒட்டாதது எது, ஒரு துண்டு குறைந்தது எது என்று பார்த்துத் தள்ளிவைக்கிற வேலை. மற்றவர்களுக்கு அரை மணித்தியாலத்தில் கண் பூத்துப்போகும். அவளுக்குப் பூக்காது. யந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் கதைக்க முடியாது. எட்டு மணித்தியாலம் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், தேத்தண்ணி கேட்க மாட்டார்கள், அவள் வாய் திறந்து பதில் சொல்லவேண்டி வராது. அது வேலையா ஓய்வா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆனால் அதை விட அவளுக்கு மனமில்லை.

அவள் ஓமென்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் பேசாமல் நின்றால் அது ஓமென்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

ட்ரெயிலர் வந்த அன்றே அவளைக் கையில் பிடித்து உள்ளே ஏற்றிக் காட்டினார். இதில நீ சமைக்கலாம், இதில நீ கழுவலாம், உடுப்பை இதுக்குள்ள நீ மடிச்சு வைக்கலாம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கதவைச் சாத்தியதும் இரண்டு பேர் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டது. நாலு மாதம் என்று நினைத்துப் பார்த்தாள்.

இறங்கி வந்தபோது கிழவர் கனகசிங்கத்திடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். உன்னுடைய றக்கில் பிரேக் கொன்ட்ரோலர் இருக்கிறதா என்பது கேள்வி. கனகசிங்கம், முப்பத்தொரு வருடம் பயணிகளுக்குச் சொல்லிப் பழகிய மாதிரியே, "யெஸ், யெஸ், நோ ப்ரொப்ளம்" என்றார். கிழவர் றக்கின் கண்ணாடியால் உள்ளே எட்டி, ஸ்டியறிங்குக்குக் கீழே தேடிப் பார்த்தார்; அங்கே ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது அவருடைய பார்வை புஸ்பராணியில் பட்டது. அவள் குனிந்துகொண்டாள். ஆனால் பிரேக் கொன்ட்ரோலர் என்ற அந்தச் சொல்லை மனதிலிருந்து விடவில்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம், பக்கத்துப் பட்டியில் நிற்கிற கிளடிஸிடம் கேட்டாள். கிளடிஸின் மனிசன் புல் வெட்டுகிற சாமான்களை ட்ரெயிலரில் இழுத்துத் திரிகிறவன்; அதனால் கிளடிஸுக்கு அது தெரிந்திருந்தது. பெரிய ட்ரெயிலருக்குத் தன்னுடைய சில்லிலேயே பிரேக் இருக்கும். ஆனால் அதைப் பிடி என்று றக்கிலிருந்து ஒரு பெட்டி சொல்லவேண்டும். அந்தப் பெட்டி இல்லையென்றால் ட்ரெயிலரின் பிரேக் நித்திரை கொள்ளும். றக் ஒன்றே இரண்டின் பாரத்தையும் பிடிக்கவேண்டும். அத்தனை பாரமான ட்ரெயிலரைப் பிரேக் வேலை செய்யாமல் இழுப்பது சட்டப்படி பிழை என்றும், பொலிஸ் மறித்தால் அந்தப் பயணம் அவ்வளவுதான் என்றும் கிளடிஸ் சொன்னாள்.

அவ்வளவுதான் என்ற சொல்லை அன்று முழுக்க புஸ்பராணி வாய்க்குள் வைத்திருந்தாள். அது இனித்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்தி. வாயைத் திறந்தால் அவர் போய்ப் பூட்டுவார். பூட்டினால் பயணத்துக்குத் தடையொன்றும் இல்லை. பாண் பக்டரி முடிந்தது. திறக்காவிட்டால், யாராவது மறித்து, எல்லாம் தானாக நின்றுபோகலாம். இரண்டு கிழமை பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்குக் கைவந்த விசயம்.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை ஓடிப் பழகவேண்டுமென்று கனகசிங்கம் ட்ரெயிலரைக் கொழுவி, அவளையும் ஏற்றிக்கொண்டு அயலைச் சுற்றி வந்தார். பார்மசி அவெனியூ வீதியில் சிவப்பு லைற் விழுந்ததும் பிரேக்கை மிதித்தார். றக் நிற்கப் பார்த்தது. பின்னால் வந்தது விடவில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரித் தள்ளி, கோட்டைத் தாண்டி, ஆட்கள் கடக்கிற இடத்துக்குப் பாதி உள்ளே கொண்டுபோய் விட்டது. நல்ல காலம், அந்த நேரம் ஒருவரும் கடக்கவில்லை.

"புதுசுதானே, பழகவேணும்," என்றார். அடுத்த கிழமை அல்கொன்குவின் பக்கம் மலை ரோட்டில் ஓடிப் பார்ப்போம் என்றும் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் பேசாமல் இருப்பது இந்த மனிசனை நிறுத்தப் போவதில்லை. நிறுத்துவதென்றால் ஏதாவது ஒரு பள்ளத்தில்தான் நிறுத்தும். பக்கத்து இருக்கையில் அவளும் இருப்பாள்.

புதன்கிழமை வேலை முடிந்து லோரன்ஸ் வீதி பஸ் எடுத்து, கிளடிஸ் சொன்ன கடைக்குப் போனாள். ட்ரெயிலர் கொழுக்கி, வயர், சில்லுச் சாமான் விற்கிற இடம். கவுண்டருக்கு அப்பால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிறீஸ் கையைத் துடைத்தபடி வந்தார். சட்டையில் யூட்சன் என்று தைத்திருந்தது. ஆங்கிலத்தில் சொல்லப் பாடமாக்கி வந்ததை அவள் விழுங்கிவிட்டு, "மனே, இந்த ட்ரெயிலருக்குப் பிரேக் சொல்ற பெட்டி இரிக்குதா?" என்றாள்.

யூட்சன் சிரித்தார். "மட்டக்களப்போ அன்ரி? வாங்கோ, இஞ்சால வாங்கோ."

அவர் இரண்டு பெட்டிகளை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டும் சிகரெட் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. ஒன்று மலிவு. பிரேக்கில் கால் பட்டதும், முதலிலேயே சொல்லிவைத்த அளவுக்கு ட்ரெயிலரைப் பிடிக்கும். மெல்ல மிதித்தாலும் அதே அளவு, நெஞ்சு பதறி மிதித்தாலும் அதே அளவு. எப்படிப் பூட்டினாலும் அதற்குப் பரவாயில்லை. மற்றது, வண்டி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை உள்ளுக்குள்ளேயே உணர்ந்து, அந்த அளவுக்குப் பிடிக்கும்.

கால் எப்படி மிதித்தாலும் ஒரே பதில் சொல்கிற பெட்டியைப் புஸ்பராணி கையில் எடுத்துப் பார்த்தாள். தங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள் என்று நினைத்து, அதைத் திரும்ப வைத்தாள்.

"மற்றதுக்கு ஒரு குணம் இருக்கு அன்ரி," என்றார் யூட்சன். "மட்டமாப் பூட்டவேணும். வண்டி போற திசையை நேர பாக்கவேணும். கோணலா வைச்சா அதுக்கு ஒண்டும் விளங்காது. வண்டி நிக்குதோ ஓடுதோ எண்டே தெரியாது."

பெட்டியின் முகத்தில் ஒரு சின்னப் பிடி இருந்தது. அது என்ன என்று கேட்டாள். றக்கின் பிரேக்கைத் தொடாமல் ட்ரெயிலரை மட்டும் கையால் பிடித்து நிறுத்துவதற்கு என்றார்.

"பக்கத்தில இரிக்கிற ஆளும் பிடிக்கலாமா?"

"பிடிக்கலாம். ஏன் அன்ரி, அங்கிளில நம்பிக்கை இல்லையோ?"

அவள் அந்தப் பிடியை ஒரு தரம் அமத்திப் பார்த்தாள். இரண்டாவதையே எடுத்துவைக்கச் சொன்னாள். முப்பது வருடமாகக் காரில் பக்கத்து இருக்கையில் இருந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்து வந்தவள் அவள்.

வீட்டில் சொன்னபோது கனகசிங்கத்துக்குக் கோபம் வந்தது. ரொறன்ரோவில் தனக்குப் பிரேக் பிடிக்கப் படிப்பிக்க ஒரு ஆள் இனித்தான் பிறந்து வரவேண்டும் என்றார். லைசன்ஸ் எடுக்காதவள் வண்டி ஓடச் சொல்லித் தருகிறாளா என்றார். அவள் அடுப்பைத் துடைத்தபடி, பொலிஸ் மறிச்சா லைசன்சில் குற்றப்புள்ளி விழுமாம் என்று மட்டும் சொன்னாள். அது உண்மையோ பொய்யோ அவளுக்குத் தெரியாது. ரக்சிக்காரனுக்கு அதைவிடப் பயம் வேறில்லை. அடுத்த நாள் காலமையே றக் யூட்சனின் கடைக்குப் போனது. யூட்சன் இரண்டு இருக்கைக்கும் நடுவில், டாஷ்போர்ட்டுக்குக் கீழே, மட்டம் பார்த்துப் பூட்டிக் கொடுத்தார். கனகசிங்கம் திரும்பி வந்து கூட்டாளிகளுக்குப் போன் அடித்து, தான் தேடித் தேடி நல்லதொன்று போட்டிருப்பதாகச் சொன்னார். புஸ்பராணி அதைத் திருத்தப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு வாகனப் பூசைக்குப் போனார்கள். றக்குக்கு நாலு சில்லு, ட்ரெயிலருக்கு நாலு சில்லு என்று கனகசிங்கம் சில்லுக்கு அடியில் நசிக்க எட்டுத் தேசிக்காய் கொண்டுபோயிருந்தார். எஞ்சின் இல்லாத வாகனத்துக்கு எதில் பொட்டு வைப்பதென்று ஐயர் ஒரு கணம் யோசித்து, கொழுக்கியில் சந்தனம் பூசினார். எல்லாம் நல்லபடி முடிந்தது. முடிந்த பிறகு கனகசிங்கம் புதிதாக வாங்கிய பித்தளைப் பிள்ளையாரை டாஷ்போர்ட்டின் நடுவில் ஒட்டி, மாலையும் போட்டார். மாலை கீழே தொங்கிப் பெட்டியில் விழுந்தது. பிள்ளையாரின் காலடியில், பூவுக்குள்ளால், பிடிக்கிற அளவைக் காட்டுகிற பெட்டியின் சிவப்பு இலக்கம் மின்னியது.

அவருக்கு அது பிடிக்கவில்லை. சாமியின் காலடியில் உந்தச் சாமான் என்னத்துக்கு என்று, ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து இரண்டு ஆணியையும் கழற்றினார். வயர் எட்டின மட்டும் இழுத்து, புஸ்பராணியின் முழங்காலுக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்த மாதிரி, ஒட்டுநாடாவால் சுற்றி ஒட்டிவிட்டார். "உன்ர பெட்டி உன்னட்டயே கிடக்கட்டும்," என்றார்.

நேர பாக்கவேணும் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். பின்னால் அடுத்த குடும்பம் புதுக் காரோடு காத்து நின்றது. ஐயர் தட்டோடு நின்றார். கனகசிங்கம் நெற்றி நிறையத் திருநீற்றோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு பல நாள் அந்த ஒரு கணத்தை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

பேவியூ வீதியில் தெற்கே வந்தார்கள். ஒரு சரிவு, சரிவின் அடியில் சிவப்பு, சிவப்பில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. கனகசிங்கம் மிதித்தார். பழையபடி முதுகில் அந்தக் கை. அவர் இன்னும் மிதித்தார். றக்கின் மூக்கு தாழ்ந்தது, ரயர் கத்தியது, வெள்ளைக் கார் பெரிதாகிக்கொண்டு வந்தது. காரின் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த குழந்தைப் படம் வரை அவளுக்குத் தெரிந்தது. கனகசிங்கம் "முருகா" என்றார். பிள்ளையார் முன்னால் இருக்க முருகனை ஏன் கூப்பிட்டார் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

அவளுடைய கை கீழே போய்ப் பெட்டியின் பிடியை அமத்தியது. பிடி பெட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்ப்பதில்லை. பின்னால் ஒரு பெரிய இழுவை வந்தது, யாரோ கழுத்துச் சட்டையில் பிடித்து நிறுத்தியது போல. பிள்ளையாரின் மாலை முன்னால் பாய்ந்து திரும்பியது. றக் நின்றது. வெள்ளைக் காருக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு ஆள் குறுக்கே நிற்கலாம்.

பச்சை விழுந்தது. வெள்ளைக் கார் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. கனகசிங்கம் அடுத்த கடைத்தொகுதி முற்றத்தில் திருப்பி நிறுத்தினார்.

"உன்ர பெட்டி சரியில்ல," என்றார் பிறகு. "கொண்டுபோய் அவனிட்டயே குடு."

"பெட்டியில பிழை இல்ல," என்றாள் புஸ்பராணி. "அது கதவைப் பாத்துக்கொண்டிரிக்கு. முன்னால நடக்கிறது அதுக்குத் தெரியாது. அது முதல் இரிந்த இடத்தில இரிக்கவேணும்."

"அப்ப பிள்ளையார எடுக்கச் சொல்றியா?"

"பிள்ளையார் எந்தப் பக்கம் இரிந்தாலும் பாப்பார். இதுக்கு நேர பாத்தாத்தான் தெரியும்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். இங்கே நிறுத்தியதும் அவள் அந்தப் பிடியைத் திரும்பவும் அமத்தியிருந்தாள். ட்ரெயிலரின் சில்லுகள் அவளுடைய கைக்குள் இறுகிப்போய் நின்றன. அப்போதுதான் அவருக்கு வண்டியை நிறுத்தியது யாரென்று விளங்கியிருக்கவேண்டும். இறங்கி ஸ்க்ரூ ட்ரைவரைத் தேடினார். அவள் பெட்டியைப் பிடித்துக் கொடுக்க, அவர் முடுக்கினார். மட்டம் பார்க்க ஒன்றும் இல்லாததால், பாதி குடித்த தண்ணீர்ப் போத்தலைப் பெட்டிக்கு மேல் படுக்க வைத்து அவள் பார்த்தாள். பித்தளைப் பிள்ளையாரைத் தானே எடுத்து, கண்ணில் ஒற்றி, தன் பக்கத்து ஓரத்தில் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்க முதல், ஒரு ஷொப்பிங் மோலின் வெறும் முற்றத்தில் பழகினார்கள். அவர் ஓடி வந்து மிதிப்பார். அவள் அளவைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியின் திருகியில் கை வைத்திருப்பாள். ட்ரெயிலரின் சில்லு இறுகி வழுக்கினால் அவள் குறைப்பாள். றக்கைத் தள்ளினால் கூட்டுவாள். "என்ன சொல்லுது புள்ள?" என்று அவர் கேட்பார், அவள் இலக்கத்தைச் சொல்லுவாள். பன்னிரண்டாம் தரம் எல்லாம் ஒன்றாக, யாரும் யாரையும் தள்ளாமல், மெத்தென்று நின்றது. கனகசிங்கம் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. தாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

அடுத்த கிழமை முழுக்க அவர் தனியாக றக்கை எடுக்கவில்லை. ட்ரெயிலர் கொழுவினால் புஸ்பம் வரவேண்டும். வீதி முடுக்கால் திரும்புவதென்றாலும் புஸ்பம் வரவேண்டும். ஒருநாள் பின்னேரம் அவள் ட்ரெயிலருக்குள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வெளியில் அவர் போனில் கதைப்பது மெல்லிய சுவருக்குள்ளால் கேட்டது. "புஸ்பம் பக்கத்தில இரிந்தா நான் ஹலிபக்ஸ் மட்டும் போவன். அவள் இல்லாட்டி இந்த வண்டி அசையாது."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். உயிர் தப்பவேண்டுமென்று செய்த காரியம். இப்போது கொழுக்கி, வயர், பெட்டி என்று அந்த வண்டிக்குப் பூட்டிய சாமான்களோடு சாமானாகத் தானும் பூட்டுப்பட்டுப் போனாள். பக்டரியில் சூப்பவைசர் அன்று காலையும் கேட்டிருந்தாள், நிற்கிறாயா போகிறாயா என்று. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும்.

கதைத்து முடியும்வரை படியில் இருந்தாள். அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்ததும் எழும்பினாள்.

"எனக்கு லீவு ரெண்டு கிழமைதான். வேலைய விடமாட்டன்."

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். ரெண்டு கிழமையில் எங்கே போவது, எல்லாருக்கும் சொல்லியாயிற்றே, பிள்ளை என்ன நினைப்பாள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"அதுக்குப் பிறகு நீங்க தனியப் போங்க. யூட்சன் தம்பியிட்ட கேட்டா ஒராள் பாக்கிற மாதிரிச் சரிப்பண்ணித் தருவார். அது கஸ்டமில்ல."

"தனியவா?"

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்த விதத்தைப் புஸ்பராணி கவனித்தாள். கோபம் அதில் இல்லை. முப்பத்தொரு வருடம் முன் இருக்கையில் ஒற்றையாக இருந்து, பின் இருக்கையில் யார் யாரோ கதைத்ததைக் கேட்டு வந்த மனிசன். அவளுக்கு ஓய்வாக இருந்த தனிமை அவருக்குச் சிறையாக இருந்திருக்கிறது. பாவம் என்று பட்டது. ஆனாலும் அவள் சொன்னதை மாற்றவில்லை.

அவர் ட்ரெயிலரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். ரயரைக் காலால் தட்டினார். கொழுக்கிக்குப் பக்கத்தில் நின்று வீதியைப் பார்த்தார்.

"ரெண்டு கிழமையெண்டா ஹலிபக்ஸ் சரிவராது," என்றார் கடைசியில். "கியூபெக் மட்டும் போய்க் கிறுகி வரலாம். திங்கக்கிழமை உனக்கு எத்தினை மணிக்கு வேலை?"

"ஆறரைக்கு."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை ராவைக்கு வீட்ட வந்தாக் காணும்."

"பின்னேரம்," என்றாள் அவள். "நாலு மணிக்கு முதல்."